வராத பேருந்தின் கட்டணம்

இரவு ஒன்பதே முக்கால். தென்சென்னைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்றின் வாசல். மழைக்கு முந்தைய காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். நூறு என்றேன். “ரிட்டர்ன் காலியா வரணும் சார்” என்று சொல்லிவிட்டு, என்னைவிட நல்ல சவாரி இறங்கி வருகிறதா என்று படிக்கட்டைப் பார்த்தார். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்தேன். அது 148 என்றது. அந்த நேரம் தெருமுனையில் ஒரு சிற்றுந்து திரும்பியது. முகப்புப் பலகையைப் படிக்க முடியாத தூரம். எனக்கு முன்பே ஆட்டோக்காரர் அதைப் பார்த்துவிட்டார். “சரி, எண்பது குடுங்க. ஏறுங்க.” ஏறி உட்கார்ந்து வண்டி கிளம்பிய பிறகுதான் பலகை கண்ணில் பட்டது. அது எங்கள் பக்கம் போகிற பேருந்தே இல்லை.

பேருந்தின் முகப்பு விளக்கு ஒன்று எனக்கு எழுபது ரூபாய் மிச்சப்படுத்திக் கொடுத்தது. அந்த அரை நிமிடத்தில் தூரம் குறையவில்லை, கேஸ் விலை இறங்கவில்லை, ஆட்டோக்காரரின் மனசும் திடீரென்று இளகிவிடவில்லை. எனக்கு வேறு வழி இல்லை என்ற நிலை மட்டும் மாறியது, அதுவும் மாறியதுபோலத் தோன்றியதோடு சரி. ஆட்டோ, டாக்சிக் கட்டணம் என்றாலே கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்றுதான் நாம் கணக்குப் போடுகிறோம். பேருந்துக்கு இவ்வளவு, ரயிலுக்கு இவ்வளவு, டாக்சிக்கு இவ்வளவு என்று பத்தி பிரித்து எழுதி, டாக்சி கொள்ளை என்று முடிக்கிறோம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அது எங்கே உதவாது என்பதும் புரியும்.

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் சுமார் முப்பது கிலோமீட்டர். 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். ஒரு தேநீருக்குக்கூடப் போதாத காசு. அதே தூரத்தை ஆட்டோவில் போனால், அரசு நிர்ணயித்த 2013ஆம் ஆண்டுக் கட்டணப்படி 363 ரூபாய் வரும். ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே அறிவித்த கட்டணப்படி 558. செயலி டாக்சி என்றால் நேரத்தையும் வானத்தையும் பொறுத்து ஐந்நூறிலிருந்து எண்ணூறு வரை எதுவும் கேட்கலாம். மெட்ரோ அந்தப் பாதையில் இல்லை. அது ஓடும் இடங்களிலோ எவ்வளவு தூரம் போனாலும் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. ‘விருப்பம்போல் பயணம்’ பாஸ் எடுத்தால் மாதம் முழுவதற்கும் 1,000 ரூபாய், அதாவது தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு இரண்டு முறை ஆட்டோவில் போகிற காசு.

ரயிலுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். பார்த்தால் தலை சுற்றும். ஆனால் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் போகிறவர் யார்? நிறைமாதக் கர்ப்பிணி, பெரிய மூட்டையோடு வந்தவர், கடைசி ரயிலைத் தவறவிட்டவர். அன்றாடம் போகிறவர் எவரும் அப்படிப் போவதில்லை. நெடுந்தூரத்துக்கு இந்த நகரம் உலகத்திலேயே மலிவான பயணத்தைத் தந்து வைத்திருக்கிறது என்று சொன்னாலும் பெரிய தவறாகிவிடாது. கை கடிப்பதெல்லாம் குறுகிய தூரத்தில்தான். முப்பது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் கொடுத்து வந்து இறங்குகிற மனிதர், மிச்சமிருக்கும் மூன்று கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் கொடுக்கிறார். சென்னையின் போக்குவரத்துச் செலவைப் பற்றி இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

அந்த மூன்று கிலோமீட்டருக்கு நியாயமான கூலி என்ன? 2013 ஆகஸ்டில் அன்றைய ஜெயலலிதா அரசு ஒரு கட்டணத்தை அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அடுத்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். ஜி.பி.எஸ். பொருத்திய டிஜிட்டல் மீட்டர்களை அரசே இலவசமாகத் தரும் என்றும் சொன்னார்கள். அறிவிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மீட்டர்களைச் சாலையில் பார்த்த நினைவுதான் இல்லை. ஆனாலும் சில மாதங்கள் ஓர் அதிசயம் நடந்தது. சென்னையில் ஆட்டோக்காரர்கள் கேட்காமலே மீட்டர் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவினர்களிடம் அதைப் பெருமையாகச் சொன்னோம். பிறகு பெட்ரோல் எழுபது சொச்சத்திலிருந்து நூறைத் தாண்டியது. இன்சூரன்ஸ் ஏறியது, எஃப்.சி. செலவு ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. 25-ம் 12-ம் மட்டும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மூன்று கிலோமீட்டருக்கு அந்தக் கட்டணப்படி வருவது 39 ரூபாய் 40 காசு. இதே தூரத்துக்கு மற்ற ஊர்க் கட்டணங்களையும் பார்ப்போம். மும்பையில் 2025 பிப்ரவரியில் திருத்திய கட்டணப்படி ஏறக்குறைய 52 ரூபாய். பெங்களூரில் அதே ஆண்டு ஆகஸ்டில் அமலுக்கு வந்த கட்டணப்படி 54. கேரளத்தில் 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 52 ரூபாய் 50 காசு. மூன்று அரசுகள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு விதமாகக் கணக்குப் போட்டு ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசு வாய் திறக்காததால் 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. அந்தக் கணக்கில் 72 ரூபாய் வருகிறது. அப்படி அறிவிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, கூடுதலாக வாங்கினால் நடவடிக்கை என்றது அரசு. அதிகாரம் யாருக்கு இருந்ததோ அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் அதைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினையே.

ஆக, நியாயமான விலை ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. என்னிடம் கேட்ட விலையோ நூற்றைம்பது. நாற்பதுக்கும் குறைவாகச் சட்டம் சொல்கிற ஊரில் நூற்றைம்பது எப்படிப் பிறக்கிறது? சட்டம் நாற்பதுக்கும் குறைவாகச் சொல்வதால்தான் பிறக்கிறது. அந்தக் காசுக்கு யாரும் வர முடியாது. ஆகவே மீட்டரைத் துணி போட்டு மூடிவிடுகிறார்கள். மூடிய பிறகு அறுபது என்ற எண்ணைச் சொல்ல அங்கே எவரும் இல்லை. பயணியின் அவசரமும் ஓட்டுநரின் அனுமானமும் மட்டுமே மிஞ்சுகின்றன. அந்தக் காலத்தில் மீட்டருக்குச் சூடு வைத்து ஓடவிடுவார்கள் என்ற புகார் உண்டு. இப்போது யாரும் சூடு வைப்பதில்லை. ஓடாத மீட்டருக்கு எதற்குச் சூடு?

அன்றிரவு எண்பது ரூபாய் சவாரியில் அந்த ஓட்டுநரிடம் கேட்டேன், மீட்டர்படி ஓட்டினால் கட்டுப்படியாகாதா என்று. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கணக்குச் சொன்னார். வண்டி சொந்தமில்லை, நாள் வாடகை 350. கேஸ் 400. நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் சவாரியோடு ஓடுவது எழுபதுதான், மிச்சம் காலி ஓட்டம். சவாரி பதினைந்து கிடைத்தால் நல்ல நாள். வீட்டுக்கு வந்து நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2013ஆம் ஆண்டுக் கட்டணப்படி அவருக்கு வசூல் 891 ரூபாய். வாடகையும் கேஸும் போக மிச்சம் 141. பெங்களூர்க் கட்டணமாக இருந்திருந்தால் 510 மிச்சம். சங்கங்கள் சொன்ன கட்டணம் என்றால் 774. பதினான்கு மணி நேரம் ஓட்டி 141 ரூபாயோடு வீட்டுக்குப் போகச் சொல்கிற ஒரு கட்டணத்தை மீறுகிறவரை நாம் அடாவடிக்காரர் என்கிறோம். அந்தக் கட்டணத்தை அப்படியே விட்டுவைத்தவர்களுக்கு வசவு ஏதும் விழுவதில்லை.

இதற்காக ஆட்டோக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று எழுத வரவில்லை. மழை நாளில் கேட்கும் விலைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. வெளியூர் முகம் என்றால் ஒரு விலை, பெட்டி இருந்தால் ஒரு விலை, ஸ்டாண்டில் நிற்காத வண்டியை ஏற்றவிடாமல் தடுப்பது வேறு. ஆனால் பேரம் என்பது நோய்க்குறிதான், நோய் வேறெங்கோ இருக்கிறது.

செயலிகள் வந்தபோது இந்தப் பேரத்துக்கு முடிவு வந்துவிட்டது என்று நினைத்தோம். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ஆட்டோவைவிட மலிவாக ஏ.சி. கார் வந்து நின்றது. அந்த மலிவு முதலீட்டாளர்களின் காசு என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை. சலுகை வற்றியதும் ஓட்டுநரிடம் பிடித்த கமிஷன் ஏறியது, பயணியிடம் வாங்கிய கட்டணமும் ஏறியது. தேவை கூடும் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்குவரை வாங்கலாம் என்று 2020ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்லின. 2025 ஜூலையில் அது இரண்டு மடங்கானது. இதற்கிடையில் ஓட்டுநர்கள் கமிஷனை எதிர்த்ததால், ஒரு சிறு தொகையை மட்டும் கட்டிவிட்டு சவாரிக் காசு முழுவதையும் ஓட்டுநரே வைத்துக்கொள்ளும் முறைக்குப் பல செயலிகள் ஆட்டோக்களை மாற்றின. ஓட்டுநருக்கு அது நல்ல மாற்றம். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. திரையில் காட்டும் கட்டணம் பரிந்துரை மட்டுமே, ஓட்டுநரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்ற நிலை. பதிவு செய்த அடுத்த நிமிடம் தொலைபேசி அடிக்கிறது. “டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா? மேல முப்பது போட்டுக் குடுங்க.” மீட்டருக்கு மேலே கேட்டது போய், செயலிக்கு மேலே கேட்பது வந்திருக்கிறது. செயற்கைக்கோள் வரை போய்விட்டுத் திரும்பவும் ஸ்டாண்டுக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

இந்த இடத்தில்தான் நடுத்தர வர்க்கத்து மனிதர் சலித்துப்போய், போதும் என்று சொந்தமாக ஒரு கார் வாங்கிவிடுகிறார். டாக்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கவே பார்க்காத செலவு அது. எட்டு லட்சம் ரூபாய்க் கார் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து இரண்டு லட்சத்துக்கு விற்கலாம். ஆண்டுக்கு 60,000 ரூபாய் தேய்மானம். ஆறு லட்சம் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 15,000. இன்சூரன்ஸ் 18,000 என்றும், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 15,000 என்றும் வைப்போம். மொத்தம் 1,08,000. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 ரூபாய். இன்னும் ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றவில்லை, வண்டி வாசலை விட்டு நகரவும் இல்லை. துணி போட்டு மூடி நிறுத்தியிருக்கும் காருக்குள்ளே மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, நமக்கு அது தெரிவதில்லை.

ஆண்டுக்கு 7,500 கிலோமீட்டர், அதாவது நாளைக்கு இருபது கிலோமீட்டர் ஓட்டினால், நகர நெரிசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் வீதம் பெட்ரோலுக்கு 54,000 ஆகும். எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 21 ரூபாய் 60 காசு. சாதாரண நேரத்தில் செயலி டாக்சி வாங்குவதும் ஏறக்குறைய அதேதான். டாக்சியில் ஓட்டுநர் உண்டு, நிறுத்த இடம் தேட வேண்டாம், பம்பரில் யாராவது இடித்தால் வயிற்றெரிச்சல் நமக்கில்லை. நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற குடும்பத்துக்கு சொந்தக் கார் லாபம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மாதம் ஒரு கல்யாணத்துக்கும் எடுக்கிற குடும்பத்துக்கு அது அப்பட்டமான நஷ்டம். ஆனால் எண்பது ரூபாய் ஆட்டோவுக்கு மூன்று நிமிடம் பேரம் பேசுகிறவர், நாளைக்கு முந்நூறு விழுங்குகிற காரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கார் கௌரவம் என்பார்கள். கௌரவத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு கொடுத்தால் சரிதான்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கை அரசே முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுகிறது. அங்கே கார் வாங்குவதற்கு முன்னால் வாங்கும் உரிமைச் சான்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதற்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிப் போனது. அங்கிருக்கும் நம் உறவினர்கள் வசதியாக இருந்தும் கார் இல்லாமல், எம்.ஆர்.டி.யும் டாக்சியுமாகக் காலம் தள்ளுவதன் காரணம் இதுதான். கஞ்சத்தனம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அங்கே பேருந்தும் ரயிலும் சொன்ன நேரத்துக்கு வருகின்றன. அது இல்லாமல் சான்று விலையை மட்டும் இங்கே கொண்டுவந்தால் ஊர் எரியும்.

நம் ஊர் கண்டுபிடித்த விடை கார் இல்லை, டாக்சியும் இல்லை, ஸ்கூட்டர். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கி, எட்டு ஆண்டு ஓட்டி, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைத்தால், எல்லாச் செலவும் உட்படக் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் அதிலும் பாதி. பேருந்தையும் ரயிலையும் தவிர எதுவும் இதோடு போட்டி போட முடியாது. வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம் என்பதையும் சேர்த்தால் பேருந்தும் தோற்றுவிடுகிறது. சட்டம் இன்னும் முழு மனதோடு ஏற்காத பைக் டாக்சி ஓகோவென்று ஓடுவதும் இந்தக் கணக்கால்தான். ஆனால் இதில் ரூபாயில் எழுத முடியாத ஒரு செலவு இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். சரியான நேரத்தில் பேருந்து வந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வண்டி எடுக்காமல் இருந்திருப்பார்கள்? எந்தப் போக்குவரத்துத் திட்ட அறிக்கையிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி கிடையாது.

பேருந்து வந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள். முன்பு நடந்து போகிற தூரத்துக்குள் மட்டும் வேலை தேடியவர்கள், இப்போது நாலு ஸ்டாப் தள்ளி, கூடுதல் சம்பளம் கிடைக்கிற வீட்டைப் பிடித்திருக்கிறார்கள். அது 888-லும் அடங்காத லாபம். ஆனால் இதே திட்டத்தின் இன்னொரு முகத்தையும் அவர்களே சொல்வார்கள். தியாகராய நகர் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரவு ஒன்பதரைக்கு வெளியே வரும் பெண்ணுக்கு, டிக்கெட் இல்லாத பேருந்து எப்போது வரும் என்று தெரியாது. நாற்பது நிமிடம் நிற்பதா, இல்லை ஷேர் ஆட்டோவில் இருபது கொடுத்து ஏறுவதா? அவசரமான நாளில் கொடுக்கிறார். அன்றைக்கு இலவசப் பேருந்தின் விலை இருபது ரூபாய்.

ஷேர் ஆட்டோவைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. இந்த நகரத்தின் போக்குவரத்துத் திட்டத்தை உண்மையில் வரைந்தவை அவைதாம் என்று எனக்குத் தோன்றும். எந்த அதிகாரியும் தடம் வகுக்கவில்லை. எங்கே பேருந்து வரவில்லையோ அங்கே அவை முளைத்தன. எந்த முக்கில் ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு போனால், எங்கெங்கே சிற்றுந்து விட வேண்டும் என்ற பட்டியல் ஆய்வுச் செலவே இல்லாமல் கைக்கு வந்துவிடும். ஆட்டோக் கட்டணம் அறிவித்த அதே 2013இல், அக்டோபரில் சென்னையில் சிற்றுந்துகளும் தொடங்கின. பெரிய வண்டி நுழையாத தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிடும் அருமையான யோசனை. பக்கவாட்டில் வரைந்திருந்த இலைகள் கட்சிச் சின்னமா இல்லையா என்று நீதிமன்றம் வரை வாதாடினோம். எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வர வேண்டும் என்று அந்த வேகத்தில் பாதி வேகத்தோடு யாராவது வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2022இல் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. வரைபடம் விரிந்ததைப்போல் பேருந்துத் தடம் விரிந்துவிடாது. விரிந்த இடத்தையெல்லாம் ஆட்டோவும் ஸ்கூட்டரும்தான் நிரப்புகின்றன.

கிளாம்பாக்கம் இதற்குப் பெரிய உதாரணம். 2023 டிசம்பர் 30 அன்று கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறந்தது. தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே போயின. நகரத்துக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. கட்டடமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே ஓடுகிற மின்சார ரயில் நிற்பதற்கு அன்று அங்கே ஒரு நிலையம் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பையோடு இறங்குகிற குடும்பம் பெரம்பூருக்குப் போக வேண்டும். நாற்பது கிலோமீட்டர். சங்கங்கள் சொன்ன கட்டணப்படி பார்த்தாலே எழுநூறு ரூபாய்க்கு மேல். திருச்சியிலிருந்து ஒருவர் அரசுப் பேருந்தில் வந்த காசைவிட, பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற காசு அதிகம். மாநகரப் பேருந்து இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில், அந்த மூட்டையோடு, ஒன்றுக்கு இரண்டாக மாறி மாறி ஏறி இறங்க எத்தனை பேரால் முடியும்? நெரிசலைக் குறைத்ததன் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், கோயம்பேட்டைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்கள் கொடுக்கவில்லை, விழுப்புரத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வருகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

ஒரே பயணச்சீட்டில் பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாவற்றிலும் போகலாம் என்று ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. வரவேற்க வேண்டிய வேலை. வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம். ஆனால் சீட்டு ஒன்றாகிவிட்டதால் பயணம் ஒன்றாகிவிடாது. ரயில் வந்து சேர்கிற நேரத்தையும் வாசலில் சிற்றுந்து கிளம்புகிற நேரத்தையும் ஒன்றாகக் கட்டுவதுதான் கடினமான வேலை. ஒன்பது நாற்பதுக்கு ரயில் வருகிறதென்றால் ஒன்பது நாற்பத்தைந்துக்கு வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும். கூட்டமில்லை, வசூல் வராது என்று இரவு நடையை வெட்டுகிறார்கள். அந்த நடையில் பத்துப் பேர்தான் ஏறுவார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது வருகிறது என்பதாலேயே, ஏறாத நாற்பது பேருக்கும் ஆட்டோக் கட்டணம் நூற்றைம்பதிலிருந்து எண்பதுக்கு இறங்குகிறது. நடத்துநரின் பையில் விழாத அந்தக் காசை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவு வைப்பதில்லை. நஷ்டத்தில் ஓடுகிறது என்று எழுதி டிப்போவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆட்டோ மீட்டரை ஆண்டுக்கு ஒரு முறை எரிபொருள் விலையையும் வாழ்க்கைச் செலவையும் வைத்துத் திருத்துவதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. மும்பையிலும் பெங்களூரிலும் கட்டணத்தைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்றால் எந்த உயர்வும் பயணிக்கு அடியாகத்தான் விழும், அதனால் எந்த அரசும் தொடப் பயப்படும். ஆண்டுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றால் செய்தித்தாளில் அது ஏழாம் பக்கத்துச் செய்தி. கட்டுப்படியாகிற மீட்டர் இருந்தால்தான், அதைப் போடாதவரைத் தட்டிக்கேட்கிற தார்மீகம் காவலருக்கும் வரும், நமக்கும் வரும். ஆனால் மீட்டரை மட்டும் திருத்திவிட்டுப் பேருந்தை விடாமல் இருந்தால் அடுத்த மழைக்கே அந்த மீட்டரையும் துணி போட்டு மூடிவிடுவார்கள். இரவு பத்து மணிக்கு ஆளில்லாத தெருவில் விலையைக் கட்டுப்படுத்துகிற ஆய்வாளர் இரண்டாவது வண்டிதான்.

அன்றிரவு எங்கள் தெருமுனை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டார். எண்பதோடு இருபது சேர்த்து நூறாகக் கொடுத்தேன். முதலில் நான் சொன்ன விலை அதுதான். சில்லறை தேடினார், வேண்டாம் என்றேன். ராத்திரி வீட்டுக்கு எப்படிப் போவீர்கள், இந்த வண்டியிலேயேவா என்று கேட்டேன். இல்லை என்றார். வண்டியைப் பதினொன்றுக்குள் ஓனர் வீட்டில் விட வேண்டும். அங்கிருந்து கடைசி பஸ்.

“கடைசி பஸ் போயிடுச்சுன்னா?”

“நடந்துடுவேன் சார்” என்றார். “அந்த நேரத்துல ஆட்டோக்காரன் என்ன கேப்பான்னு எனக்குத் தெரியாதா?”